எதோடு முரண்?

போன மாதம் ஓர் இயற்பியல் நூலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஒரே அத்தியாயத்தில் 'பாரடாக்ஸ்' என்ற சொல் பதினோரு முறை வந்தது. முதல் இரண்டு இடங்களில் யோசிக்காமல் 'முரண்பாடு' என்று போட்டுவிட்டேன்; கை அப்படிப் பழகியிருக்கிறது. மூன்றாவது இடத்தில் பென்சில் நின்றுவிட்டது.

இரட்டைப் பிள்ளைகளின் கதை அது. ஒருவன் ஊரிலேயே இருக்கிறான். மற்றவன் ஒளியின் வேகத்தை நெருங்கும் ராக்கெட்டில் ஏறிப் போய்த் திரும்பி வருகிறான். வந்து பார்த்தால் ஊரிலிருந்தவனுக்குத் தலை நரைத்துவிட்டது. போய் வந்தவன் இன்னும் வாலிபன். ஐன்ஸ்டைனின் சார்பியல்படி இது அப்படியேதான் நடக்கும். 'எனக்கு அவன் நகர்கிறான், அவனுக்கு நான் நகர்கிறேன், இதில் இளையவன் யார்?' என்று மடக்கலாம். ஆனால் இருவர் நிலையும் ஒன்றல்ல. வழியில் வேகத்தை மாற்றித் திரும்பியவன் ஒருவன்தான். 1971-இல் ஹாஃபலே, கீட்டிங் என்ற இரு அமெரிக்கர்கள் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தார்கள். கிழக்கு நோக்கிப் பறந்தபோது கடிகாரங்கள் தரையிலிருந்ததைவிடச் சுமார் 59 நானோநொடி பின்தங்கின. மேற்கு நோக்கிப் பறந்தபோது 273 நானோநொடி முந்தின. ஈர்ப்பின் பங்கையும் சேர்த்துப் போட்ட கணக்கோடு அது ஒத்துப்போனது. கடிகாரத்தில் அளந்து பார்த்த ஒன்றை முரண்பாடு என்று எப்படி எழுதுவது?

பதிப்பகத்தில் கேட்டேன். "சார், ஏதாவது ஒரு சொல்லை முடிவு பண்ணிடுங்க. பின்னால கலைச்சொல் பட்டியல்ல ஏத்தணும்" என்றார் அங்கிருக்கும் உதவியாசிரியர். முரண்பாடு, முரணுரை, முரண்புதிர் என்று ஆளுக்கொன்றாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போயிற்று. ஆனால் பதினோரு இடத்திலும் ஒரே விஷயமா பேசப்படுகிறது என்ற சந்தேகம் என்னை விடவில்லை.

மூலச் சொல்லில் முரண்பாடு என்ற பொருளே கிடையாது. கிரேக்கத்தில் 'பாரா' என்றால் எதிரான, அப்பாற்பட்ட. 'டாக்ஸா' என்றால் பொதுக் கருத்து. ஊரார் நம்புவதற்கு மாறாக ஒலிப்பது எதுவோ அதுவே பாரடாக்ஸ். ரோமாபுரியின் சிசரோ கி.மு. 46-இல் இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து ஒரு சிறுநூல் எழுதினார். 'ஞானி மட்டுமே பணக்காரன்' என்பது போன்ற ஸ்டோயிக் கொள்கைகள் அதில் இருக்கின்றன. கேட்பவர் புருவத்தைத் தூக்குவார். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் எந்தச் சண்டையும் இல்லை. தனக்குத்தானே எதிராக நிற்கும் கூற்று என்ற கடுமையான பொருள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பழைய பொருளும் போகவில்லை. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்.

நம் 'முரண்' வேறு வழியில் வந்த சொல். பழந்தமிழில் அதற்கு மாறுபாடு, பகை என்பதோடு வலிமை என்றும் பொருள் உண்டு. யாப்பில் முரண் தொடை என்றால் எதிரெதிரான சொல்லையோ பொருளையோ அடுத்தடுத்து நிறுத்துவது: கருமையும் வெண்மையும், மேலும் கீழும். அவை எதிரெதிர்தான், ஆனால் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. ஆக, தமிழ்ச் சொல்லும் நேரடியாக உதவவில்லை.

உதவி வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையை நம்மில் பலர் தாண்டிப் போய்விடுவோம். கதை நின்று, அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும் இடம் அது. காப்பியத்தின் நடுவே பாடப்புத்தகம் புகுந்துவிட்டதே என்று நானும் கல்லூரியில் அலுத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே பக்கப்போலி, அதாவது பார்வைக்கு முடிவுபோல் இருந்தும் நிற்காத கூற்று, ஒன்பது வகை என்று ஒரு பட்டியல் வருகிறது. அதில் ஐந்தின் பெயர் 'விருத்தம்' என்று முடியும். விருத்தம் என்றால் இங்கே முரண்.

அந்த ஐந்தையும் பிரித்திருக்கும் விதம்தான் விசேஷம். முரண் என்றவுடன் 'எதோடு முரண்?' என்ற கேள்வி எழுகிறது. கண்ணுக்கும் காதுக்கும் தெரிவதோடு முரண் என்றால் பிரத்தியக்க விருத்தம். ஒலி செவிக்குப் புலப்படாது என்று சாதிப்பது அந்த வகை. அனுமானித்துப் பெற்ற முடிவோடு முரண் என்றால் அனுமான விருத்தம். உலகத்தார் ஒப்புக்கொண்டதோடு முரண் என்றால் உலோக விருத்தம். (இந்த உலோகம் செம்பும் இரும்பும் அல்ல, லோகம்.) தான் ஏற்றுக்கொண்ட நூலோடு முரண் என்றால் ஆகம விருத்தம். மிச்சமிருப்பது சுவசன விருத்தம்: தன் சொல்லோடு தானே முரண்படுவது. அதற்குக் காட்டு, ஒருவன் தன் தாயை மலடி என்று சொல்வது. சொல்கிற வாய் இருப்பதே சொன்னதைப் பொய்யாக்கிவிடுகிறது.

இந்தப் பட்டியல் சாத்தனாரின் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. பௌத்த அளவை நூல்களில் இதே வகையும் தாயைப் பற்றிய இதே காட்டும் உண்டு. ஆனால் தமிழில் வந்து சேர்ந்திருக்கிறது, அதுவும் இத்தனை நூற்றாண்டுக்கு முன்பே. நான் எதிர்பார்த்த சொல் கிடைத்ததோ இல்லையோ, கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது. பதினோரு இடத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, 'எதோடு முரண்?' என்று கேட்டுப் பார்த்தேன். பழைய வகைகளை இன்றைய அறிவியலின் மேல் கொஞ்சம் இழுத்துத்தான் போர்த்துகிறேன். தருக்க அறிஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரட்டையர் கதை உலோக விருத்தம். எல்லோருக்கும் காலம் ஒரே சீராக ஓடுகிறது என்பது உலகத்தார் நம்பிக்கை. அதோடுதான் சண்டை, வேறு எதோடும் இல்லை. உலகம் தன் எண்ணத்தைத் திருத்திக்கொண்டால் கதை முடிந்தது.

வேற்றுக் கிரகவாசிகள் ஏன் இன்னும் வரவில்லை என்று 1950-இல் லாஸ் அலமோஸில் மதிய உணவு மேசையில் என்ரிக்கோ ஃபெர்மி கேட்டதற்கும் பாரடாக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது வெறும் கேள்வி. இந்தப் பெயர் கிடைத்தால் கட்டுரைக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது, அதனால் கண்டபடி சூட்டுகிறார்கள்.

ராத்திரி ஏன் இருட்டாக இருக்கிறது என்பது அப்படி அல்ல. ஜெர்மனியின் பிரெமன் நகரத்து மருத்துவர் ஹைன்ரிஷ் ஓல்பர்ஸ் இரவில் வானியலாளர். 1823-இல் அவர் எழுதிய கணக்கு இது. அண்டத்துக்கு எல்லை இல்லை, அது என்றும் இருப்பது, விண்மீன்கள் எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மைச் சுற்றி வெங்காயத் தோல்போல ஒரே கனமுள்ள அடுக்குகளாக வானத்தைப் பிரியுங்கள். இரண்டு மடங்கு தூரத்திலுள்ள அடுக்கில் ஒவ்வொரு விண்மீனும் கால் பங்கு ஒளியே தரும். ஆனால் அந்த அடுக்கில் நான்கு மடங்கு விண்மீன்கள் இருக்கும். காலும் நான்கும் சரியாகிவிடும். பத்து மடங்கு தூரத்தில் ஒளி நூற்றில் ஒன்று, எண்ணிக்கை நூறு மடங்கு. ஆக, எல்லா அடுக்கிலிருந்தும் ஒரே அளவு ஒளி வர வேண்டும். அடுக்குகளுக்கு முடிவில்லை என்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வை ஒரு விண்மீனின் முகத்தில் போய் முட்ட வேண்டும். வானம் முழுக்கச் சூரியனின் தகடாகத் தகிக்க வேண்டும். மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் இருட்டு.

இது பிரத்தியக்க விருத்தம். கணக்குக்கும் கண்ணுக்கும் சண்டை, கண் தோற்காது. இடையிலுள்ள தூசு ஒளியை விழுங்கிவிடும் என்று ஓல்பர்ஸ் சமாதானம் சொன்னார். அது நிற்காது. விழுங்கிய தூசு சூடேறிக் கடைசியில் தானே ஒளிரத் தொடங்கிவிடும். பிழை கணக்கில் இல்லை, 'என்றும் இருப்பது' என்று பேச்சோடு பேச்சாக விட்டுச்சென்ற இடத்தில் இருந்தது. அண்டம் தொடங்கி ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அதைவிட நெடுந்தூரத்து ஒளி இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஒளி வந்து சேரவில்லை என்ற இந்த யோசனையை 1848-இலேயே எழுதியவர் துப்பறியும் கதைக்கும் பேய்க்கதைக்கும் பேர்போன எட்கர் ஆலன் போ. அண்டத்தின் தொடக்ககால வெப்பம் விரிந்து குளிர்ந்து நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருவதை 1965-இல் கண்டுபிடித்தார்கள். அந்த வகையில் வானம் முழுக்க ஒளிரத்தான் செய்கிறது, நம் கண்ணுக்குத்தான் அது எட்டுவதில்லை.

அனுமான விருத்தத்துக்கு ஒரு மருத்துவப் புள்ளிவிவரம் இருக்கிறது. இதைப் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தால்தான் நம்ப முடியும். சிறுநீரகக் கல்லை எடுக்க இரண்டு வழிகளை ஒப்பிட்டு 1986-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒன்று வயிற்றைக் கிழித்துச் செய்யும் பழைய அறுவை. மற்றது சிறு துளை வழியே செய்யும் புதிய முறை. இரண்டிலும் 350 பேர். பழைய முறையில் 273 பேருக்கு வெற்றி, 78 சதவீதம். புதிய முறையில் 289 பேருக்கு, 83 சதவீதம். புதியதே மேல் என்று யாரும் சொல்வார்கள்.

இப்போது கல்லின் அளவைப் பார்த்துப் பிரியுங்கள். சிறிய கல்: பழைய முறையில் 87 பேரில் 81 பேர், 93 சதவீதம், புதிய முறையில் 270 பேரில் 234 பேர், 87 சதவீதம். பெரிய கல்: பழைய முறையில் 263 பேரில் 192 பேர், 73 சதவீதம், புதிய முறையில் 80 பேரில் 55 பேர், 69 சதவீதம். சிறிய கல்லிலும் பழையதே மேல், பெரிய கல்லிலும் பழையதே மேல், கூட்டினால் மட்டும் புதியது மேல்! கூட்டிச் சரிபாருங்கள், ஓர் எண்கூடப் பொய்யில்லை. பெரிய கல் வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பழைய முறைக்குப் போயிருக்கிறார்கள் என்பதே விஷயம். கடினமான கேஸ்களை எல்லாம் சுமந்த முறைக்கு மொத்த மதிப்பெண் குறைந்துவிட்டது. இதற்கு சிம்ப்சன் பாரடாக்ஸ் என்று பெயர். எண்களுக்குள் சண்டை இல்லை. இரு பகுதியிலும் வென்றது மொத்தத்திலும் வெல்லும் என்ற நம் அனுமானத்தோடுதான் சண்டை. தேர்ச்சி விகிதம் போட்டுப் பள்ளிகளை வரிசைப்படுத்தும் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல் ஞாபகம் வரும்.

ஹார்வர்டு தத்துவ அறிஞர் வில்லர்ட் குவைன் 1962-இல் பாரடாக்ஸ்களை மூன்றாகப் பிரித்தார்: அபத்தமாய்த் தோன்றினாலும் உண்மையானவை; உண்மைபோல் நிறுவிக் காட்டினாலும் உள்ளே ஓட்டையுள்ளவை; எந்தப் பக்கமும் நகர முடியாமல் சிந்தனையையே முட்டுச்சந்தில் நிறுத்துபவை. முதல் வகைக்கு அவர் காட்டியது ஓர் ஆங்கில இசை நாடகத்து இளைஞனை. அவனுக்கு வயது 21, பிறந்தநாள் ஐந்துதான். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நூற்றாண்டு விதியால் 1900 லீப் ஆண்டு அல்லவாதலால் முதல் பிறந்தநாளே 1904-இல்தான் வந்தது. பிரதமரானபோது 81 வயது, பத்தொன்பது பிறந்தநாள். 1977-இல் அவர் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைத்து, வேண்டாமென்று மறுத்த கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்ததும் ஒரு பிப்ரவரி 29, ஆண்டு 1904. அவருக்கு அப்போது பதினெட்டுப் பிறந்தநாள் ஆகியிருந்தது.

குவைனின் இரண்டாம் வகைக்குப் பழைய ஆமை போதும். ஆமை நூறு மீட்டர் முன்னால். ஓடுபவனுக்கு அதைப்போல் பத்து மடங்கு வேகம். அவன் நூறு மீட்டர் ஓடுவதற்குள் ஆமை பத்து மீட்டர் நகரும். அந்தப் பத்தை ஓடுவதற்குள் ஒரு மீட்டர். இப்படியே போனால் பிடிக்கவே முடியாது என்றார் எலியாவின் ஜீனோ. முடிவில்லாத பல துண்டுகளைக் கூட்டினால் முடிவில்லாத தொகை வரும் என்ற ஓட்டை அதில் ஒளிந்திருக்கிறது. 100, 10, 1 என்று போட்டுக்கொண்டே போனால் கூட்டுத்தொகை 111 மீட்டரைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடும். அங்கே பிடித்துவிடலாம்.

சுவசன விருத்தத்துக்கு வருவோம். என் தெருவில் ஒரு சுற்றுச்சுவர் இருக்கிறது. அதில் 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்கள்' என்று அச்சடித்த நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மழையில் நைந்தால் புதிதாக ஒன்று ஒட்டுகிறார்கள். தன் கட்டளையைத் தானே மீறிக்கொண்டுதான் அது அங்கே நிற்க முடியும். ஆனாலும் அதனால் யாருக்கும் தலை சுற்றுவதில்லை, ஏனென்றால் கட்டளைக்கு உண்மை பொய் இல்லை.

'கிரேத்தர் எல்லோரும் பொய்யர்' என்று கிரேத்தா தீவுக்காரரான எபிமெனிடீஸ் சொன்னதாக ஒரு கதை. புனித பவுல் தீத்துவுக்கு எழுதியதாக விவிலியத்திலுள்ள கடிதத்திலும் இந்தக் கூற்று வருகிறது. அங்கே அது புதிராக அல்ல, வசையாகவே இருக்கிறது. உண்மையில் இது முழு முரணும் அல்ல. அவர் சொன்னது பொய் என்று வைத்துக்கொண்டால், எங்கோ ஒரு கிரேத்தர் என்றோ ஒருநாள் உண்மை பேசியிருக்கிறார் என்று ஆகும். அவ்வளவுதான். 'நான் இப்போது சொல்லும் இந்த வாக்கியம் பொய்' என்பதுதான் அசல். உண்மை என்றால் பொய்யாகிறது, பொய் என்றால் உண்மையாகிறது. மலடியின் மகனுக்காவது ஒரு வழி இருக்கிறது: வளர்த்தவளும் தாய்தான், ஆகவே அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம். இந்த வாக்கியத்துக்கு அப்படி ஒரு வளர்ப்புத் தாய் கிடையாது.

இதை வார்த்தை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாமல் செய்தது ஒரு கடிதம். எண்கணிதம் முழுவதையும் தருக்கத்தின் மேல் கட்டி எழுப்பும் வேலையில் யேனா நகரத்தின் காட்லோப் ஃப்ரேகே பல ஆண்டுகளைச் செலவிட்டிருந்தார். இரண்டாம் பாகம் அச்சகத்தில் இருந்தது. 1902 ஜூன் 16 தேதியிட்டு பெர்ட்ரண்ட் ரஸ்ஸலிடமிருந்து கடிதம் வந்தது. பாராட்டெல்லாம் முடிந்த பிறகு, ஒரே ஒரு இடத்தில் எனக்குச் சிக்கல் என்றார் ரஸ்ஸல்.

அந்தச் சிக்கலை நூலகத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு நூலகத்தில் ஏராளமான பட்டியல்கள். சில பட்டியல்கள் தம் பெயரையும் தமக்குள் சேர்த்திருக்கும், சில சேர்த்திருக்காது. தம்மைச் சேர்க்காத பட்டியல்களை எல்லாம், அவற்றை மட்டும், தொகுத்து ஒரு பெரிய பட்டியல் எழுதச் சொல்கிறார் தலைமை நூலகர். எழுதி முடித்தாயிற்று. இந்தப் பெரிய பட்டியல் தன்னைச் சேர்க்க வேண்டுமா? சேர்த்தால் அது தன்னைச் சேர்த்த பட்டியல், உள்ளே வரக் கூடாது. விட்டால் அது தன்னைச் சேர்க்காத பட்டியல், உள்ளே வந்தாக வேண்டும்.

ஊரில் தாமே சவரம் செய்துகொள்ளாத எல்லோருக்கும், அவர்களுக்கு மட்டும், சவரம் செய்யும் நாவிதரின் கதையாக இதைப் பலர் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதை இதைவிட இளப்பம். அப்படி ஒரு நாவிதர் உலகில் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அப்படி ஒரு பட்டியல் இல்லை என்று ஃப்ரேகேயால் சொல்ல முடியாது. எந்த நிபந்தனையைச் சொன்னாலும் அதற்குரிய தொகுப்பு ஒன்று உண்டு என்பதுதான் அவர் போட்ட அஸ்திவாரக் கற்களில் ஒன்று. தன் சொல்லே தன்னை இடித்தது. ஜூன் 22-இல் அவர் எழுதிய பதிலில் அதிர்ச்சியை மறைக்கவில்லை, கோபப்படவும் இல்லை. 1903-இல் வந்த இரண்டாம் பாகத்தின் கடைசியில் ஒரு பின்னிணைப்பைச் சேர்த்து, கட்டடம் ஆடிவிட்டது என்று தாமே எழுதினார். விஞ்ஞானிகளின் நேர்மையைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பின்னிணைப்புதான்.

1908-இல் எர்ன்ஸ்ட் செர்மெலோ விதிகளை இறுக்கினார். நிபந்தனையைச் சொன்ன மாத்திரத்தில் தொகுப்பு பிறந்துவிடாது. ஏற்கெனவே கையிலுள்ள ஒரு தொகுப்பிலிருந்து பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். தம்மைத் தாமே விழுங்கும் பட்டியல்கள் வெளியே நின்றன. 1931-இல் கர்ட் கோடல் பொய்யனின் வாக்கியத்தில் ஒரே சொல்லை மாற்றினார். 'நான் பொய்' என்பதற்குப் பதில் 'என்னை நிரூபிக்க முடியாது' என்றாக்கி, அதை எண்களின் மொழியில் எழுதினார். விருத்தம் மறைந்து, எண்கணிதத்தின் எல்லையைக் காட்டும் தேற்றமாகிவிட்டது.

பதினோரு இடங்களில் பத்துக்கு ஒருவழியாகச் சொல் கண்டுபிடித்துவிட்டேன். ஊரார் நம்பிக்கையோடும் நம் அனுமானத்தோடும் மோதுபவற்றுக்கு 'வியப்பு மெய்'. ஓட்டையுள்ள வாதத்துக்கு 'மயக்கு'. கண்ணோடு மோதும் இடத்தில் இன்னதோடு இன்னது முரண் என்று விரித்தே எழுதியாயிற்று. சுவசன விருத்தத்துக்கு மட்டும் 'தன்முரண்'. உதவியாசிரியருக்கு இதில் சந்தோஷமில்லை.

பதினோராவது இடம் கருந்துளை. கருந்துளைகள் மெல்லக் கதிர்வீசி ஆவியாகும் என்று 1974-இல் காட்டிய ஸ்டீபன் ஹாக்கிங், உள்ளே விழுந்தவை பற்றிய தகவலும் அதோடு அடியோடு அழிந்துவிடும் என்று 1976-இல் வாதிட்டார். தகவல் அழியாது என்கிறது குவாண்டம் கோட்பாடு. இரண்டு பக்கமும் சோதனைகளில் தேறிய கோட்பாடுகள். 1997-இல் ஹாக்கிங்கும் கிப் தோர்னும் ஒரு பக்கம், ஜான் பிரெஸ்கில் மறுபக்கம் என்று பந்தயம் கட்டினார்கள். 2004-இல் டப்ளின் மாநாட்டில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு பிரெஸ்கிலுக்கு ஒரு பேஸ்பால் கலைக்களஞ்சியத்தைக் கொடுத்தார். தோர்ன் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் கோட்பாடு வளைந்துகொடுக்கும் என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எதோடு முரண் என்று தெரியாத அந்த ஓரிடத்தில் 'பாரடாக்ஸ்' என்றே விட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறேன்.